ஜாவா 17 சான்றிதழ் தேர்வில் 58 சதவீதம், மறுபடி எழுதப் போகிறேன். வேலூர்ப் பக்கம் யாராவது வழி சொல்லுங்கள்

தறிவீடு_குடியாத்தம் · மார்ச் 2

எல்லோருக்கும் வணக்கம். பிசிஏ முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் ஆரக்கிளின் ஜாவா எஸ்இ 17 டெவலப்பர் தேர்வு எழுதினேன். 58 சதவீதம் வந்தது. தேர்ச்சிக்கு 68 வேண்டும். அதாவது 50 கேள்வியில் 34 சரியாக இருக்க வேண்டும், எனக்கு 29. அந்த 5 கேள்வியை நினைத்து நான்கு நாளாகத் தூக்கம் இல்லை.

எப்படிப் படித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் போனேன், பெயர் வேண்டாம். கடைசி வாரத்தில் "இதிலிருந்துதான் வரும்" என்று 300 கேள்வி உள்ள பிடிஎஃப் ஒன்றைத் தந்தார்கள். ராத்திரி பகலாக மனப்பாடம் செய்தேன். தேர்வில் ஏற்கெனவே பார்த்தது போன்ற கேள்விகள் வந்தபோது சந்தோஷமாக விடை போட்டுக்கொண்டே போனேன். வெளியே வந்து யோசித்தபோதுதான், பல இடங்களில் ப்ரோகிராம் கோடில் ஒரு வரி வேறாக இருந்தது நினைவுக்கு வந்தது.

இன்னொரு பிரச்சினை நேரம். 36ஆவது கேள்வியில் இருந்தபோது பத்து நிமிடம்தான் பாக்கி. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். கேள்வியை இரண்டு முறை வாசித்தால்தான் என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடுகிறது.

அப்பா கைத்தறி லுங்கி நெய்கிறார். தேர்வுக் கட்டணம் அவருடைய எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை தேறியே ஆகவேண்டும். என்ன செய்யலாம்?

காட்பாடி_சீசன்_டிக்கெட் · மார்ச் 2

தங்கச்சி, முதலில் ஒன்று. அந்தப் பிடிஎஃப் இல்லாமலேயே உனக்கு 29 வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உன்னைக் கவிழ்த்ததே அதுதான். பார்த்த கேள்வி மாதிரி இருக்கிறதே என்று கண் தாவிப் போனதால், தெரிந்த இடத்திலும் கோடை வாசிக்காமல் விட்டிருக்கிறாய்.

நானும் இந்தத் தேர்வை எழுதித் தேறியவன்தான். காட்பாடியில் இருந்து சென்னைக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறேன். படிப்பெல்லாம் ரயிலில்தான். 90 நிமிடத்தில் 50 கேள்வி என்றால் ஒன்றுக்கு 1 நிமிடம் 48 விநாடி. வண்டி காட்பாடியில் கிளம்பியதும் 10 கேள்வியை எடுப்பேன், வாலாஜா ரோடு வருவதற்குள் முடித்தாக வேண்டும். சோளிங்கர் தாண்டும்வரை விடை சரிபார்ப்பு. அரக்கோணத்தில் கூட்டம் ஏறிவிடும், அதற்குமேல் எதையும் கையில் விரிக்க முடியாது. இப்படி நாலு மாதம் ஓடியதில் வேகம் தானாகப் பழகிவிட்டது.

ஆனால் வேகம் இரண்டாவது. உனக்கு முதலில் வேண்டியது வேறு. நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஐந்தே கேள்வி எடு. விடையைப் பார்க்காதே. கோடை நோட்டில் கையால் எழுது. கம்பைலர் (நாம் எழுதியதைச் சரிபார்த்துக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் மென்பொருள்) எப்படி வரிவரியாகப் போகுமோ அப்படியே நீயும் போ. முதல் சுற்றில் இது கம்பைல் ஆகுமா என்று மட்டும் பார், என்ன அச்சாகும் என்பதை அடுத்த சுற்றில் பார். விடையை எழுதிய பிறகு அதே கோடில் ஒரே ஒரு வரியை மாற்று. 127 இருந்தால் 128 ஆக்கு. ஒரு ஃபைனலை எடுத்துவிடு. ஒரு மெத்தடில் இன்ட் என்ற எண் வகையை அதைவிடப் பெரிய லாங் ஆக்கு. இப்போது என்ன ஆகும் என்று மறுபடி எழுதிவிட்டு அப்புறம்தான் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கேள்வியில் இருந்து இப்படி நாலு கேள்வி பிறக்கும். 300 கேள்வி மனப்பாடத்தால் கிடைக்காதது 60 கேள்வியில் கிடைத்துவிடும்.

127, 128 என்றேன் இல்லையா, அதையே எடுத்துக்கொள். இரண்டு இன்டிஜர் பெட்டியில் 127ஐப் போட்டு இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்டால் ட்ரூ வரும். 128ஐப் போட்டால் ஃபால்ஸ். டம்ப்பில் (அந்தப் பிடிஎஃப் மாதிரி கசிந்த கேள்வித் தொகுப்பில்) இதைச் சும்மா மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் எது ட்ரூ, எது ஃபால்ஸ் என்று குழம்பிப் போகும். காரணம் தெரிந்தால் மறக்காது. மளிகைக் கடையில் அடிக்கடி விற்கிற கால் கிலோ பொட்டலங்களை முன்பே கட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, ஜாவாவும் -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு முன்பே பொட்டலம் கட்டி வைத்திருக்கிறது. யார் கேட்டாலும் அதே பொட்டலம்தான். 128 என்று கேட்டால் அப்போதுதான் புதிதாகக் கட்டித் தரும். உள்ளே சரக்கு ஒன்றுதான், பொட்டலம் வேறு. == கேட்பது பொட்டலத்தை, ஈக்குவல்ஸ் கேட்பது சரக்கை.

இன்னொன்று. எக்லிப்ஸ், இன்டெல்லிஜே மாதிரி கோடு எழுத உதவும் மென்பொருள் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அது தவறான வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும், தேர்வில் அந்தக் கோடு வராது. நோட்பேடில் எழுதி, கறுப்புத் திரையில் ஜாவாசி (ஜாவாவின் கம்பைலர் கட்டளை) கொடுத்து ஓட்டு. ஒவ்வொரு வரியாக ஓட்டிக் காட்டும் ஜேஷெல்லையும் முழுசாக நம்பாதே. அரைப்புள்ளி விட்டாலும் பொறுத்துக்கொள்ளும், சில இம்போர்ட்டுகளை அதுவே போட்டுக்கொள்ளும். தேர்வு அப்படிப் பொறுக்காது.

சிப்காட்_ராணிப்பேட்டை · மார்ச் 3

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பணத்தையும் நேரத்தையும் சான்றிதழில் போடுவதற்குப் பதில், ஸ்பிரிங் பூட் (ஜாவாவில் இணையச் செயலி கட்டும் கருவி) கற்று உருப்படியாக ஒரு ப்ராஜெக்ட் செய்து, எல்லோரும் பார்க்கும்படி கோடை வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டால் என்ன? உங்கள் தெருவில் நெசவுக் கணக்கை இன்னும் நோட்டில்தானே எழுதுகிறார்கள்? பாவு, ஊடை, கூலி, முன்பணம், இதற்கே ஒரு செயலி செய்யலாம். நேர்முகத்தில் காட்ட அதைவிட நல்ல பொருள் இல்லை. நான் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வேலைக்கு வந்தவன், அதனால்தான் சொல்கிறேன்.

தறிவீடு_குடியாத்தம் · மார்ச் 3

சிப்காட் அண்ணா, நெசவுக் கணக்கு யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது, கட்டாயம் செய்வேன். ஆனால் எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு யாரும் வரவில்லை. நான் அனுப்புகிற விண்ணப்பத்தை யாராவது திறந்து பார்த்தால்தானே கிட்ஹப் வரைக்கும் போவார்கள்? அதற்குத்தான் இந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதோடு, பாதியில் விட்டால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

காட்பாடி அண்ணா, இன்று ஐந்து கேள்வியை நோட்டில் எழுதினேன். மூன்று மணி நேரம் ஆனது. ஒன்றில் நீங்கள் சொன்ன மாதிரி வரியை மாற்றியதும் விடையே வேறாகிவிட்டது. ஷார்ட் (இன்ட்டைவிடச் சிறிய எண் வகை) மாறி ஒன்று, அதோடு 1 கூட்டி அதிலேயே வைத்தால் கம்பைல் ஆகவில்லை. += போட்டால் ஆகிறது. ஏன்?

காட்பாடி_சீசன்_டிக்கெட் · மார்ச் 3

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாய். ஷார்ட்டும் 1ம் சேரும்போது கூட்டல் இன்ட்டாகத்தான் நடக்கும். வருகிற இன்ட் விடையை ஷார்ட்டுக்குள் திணிக்க உன் ஒப்புதல் வேண்டும், அதற்குத்தான் காஸ்ட் (வகையை மாற்றச் சொல்லும் குறி). += என்றால் அந்தக் காஸ்ட்டைக் கம்பைலர் தானே போட்டுக்கொள்கிறது. இப்போது 1க்குப் பதில் 100000 கூட்டி ஓட்டிப் பார். கம்பைலர் ஒன்றும் சொல்லாது, எண் மட்டும் வேறு எங்கோ போய் நிற்கும். காரணத்தை நீயே எழுதிப் பார்.

ஓட்டேரி_வகுப்பறை · மார்ச் 5

நான் கல்லூரியில் 14 வருடமாக கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தால் பின்தங்குவதை வருடா வருடம் பார்க்கிறேன். அது அவர்கள் குறை இல்லை, யாரும் இதைத் தனியாக எடுத்துச் சொல்லித் தருவதில்லை. அம்மா, இதை மட்டும் கவனமாகக் கேள்.

தேர்வில் வரும் ஆங்கிலம் கதைப் புத்தக ஆங்கிலம் இல்லை. முப்பது நாற்பது சொற்றொடர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் உன் சொந்தத் தமிழில் பொருள் என்று எழுதி வைத்துக்கொள். இரண்டு மட்டும் நானே சொல்கிறேன், இவற்றில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

முதலாவது "இன்டிபென்டன்ட்லி". "கீழே உள்ள வரிகளில் எந்த இரண்டை, இன்டிபென்டன்ட்லி, 12ஆவது வரியில் வைத்தால் கம்பைல் ஆகும்?" என்று வரும். இரண்டையும் சேர்த்து வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மற்றது இல்லாமல் வைத்துப் பார்க்க வேண்டும். சேர்த்து வைத்து யோசித்தால் சரியான விடையே தவறாகத் தெரியும்.

இரண்டாவது, கம்பைல் நேரப் பிழைக்கும் ஓடும்போது வரும் எக்ஸெப்ஷனுக்கும் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) உள்ள வித்தியாசம். நான்கு விடைகளில் இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். லிஸ்ட் டாட் ஆஃப் கொண்டு செய்த பட்டியலில் ஆட் (புதிதாகச் சேர்ப்பது) போட்டால் கம்பைல் நன்றாகவே ஆகும், ஓடும்போதுதான் அன்சப்போர்ட்டட் ஆபரேஷன் எக்ஸெப்ஷன் வரும். அரேஸ் டாட் ஆஸ்லிஸ்ட் என்றால் இன்னும் நுணுக்கம். அதில் ஆட் போட முடியாது, செட் போடலாம். நீளம் மாறாது, உள்ளே இருப்பதை மாற்றலாம், அவ்வளவுதான். லிஸ்ட் டாட் ஆஃபில் அந்த செட்டும் கிடையாது.

விடைகளில் "கம்பைல் ஆகாது" என்று ஒன்று இருந்தால் முதலில் அதைச் சரிபார். இருபது வரியை ஓட்டிப் பார்த்து நேரத்தைச் செலவழித்த பிறகு மூன்றாவது வரியிலேயே வர் (வகைப் பெயருக்குப் பதில் போடும் சொல்) என்பதை ஃபீல்டில், அதாவது கிளாஸின் சொந்த மாறியில், போட்டிருப்பது தெரிந்தால் வயிறு எரியும். வர் என்பது ஜாவா 10இல் வந்தது. மெத்தடுக்குள்தான் செல்லும், கிளாஸின் ஃபீல்டுக்குச் செல்லாது.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே எதையும் வெற்றாக விடாதே. நீ கடைசி 14 கேள்வியில் எத்தனையை விட்டாய்?

தறிவீடு_குடியாத்தம் · மார்ச் 5

ஒன்பது விட்டுவிட்டேன் மேடம். மைனஸ் மார்க் உண்டு என்று பயிற்சி மையத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஓட்டேரி_வகுப்பறை · மார்ச் 5

அம்மா, எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறவர்கள் இந்த அடிப்படை விதியையாவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். சரி, இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த முறை கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்றே வைத்துக்கொள்.

ஆம்பூர்_ஷிப்ட் · மார்ச் 8

டம்ப்பை எல்லோரும் திட்டுகிறீர்கள். நான் காலணித் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல்தான் படிக்கிறேன். ஐந்து கேள்விக்கு மூன்று மணி நேரம் எனக்குக் கிடைக்காது. வேலை இல்லாத நேரம் கொஞ்சமாக இருக்கிறவனுக்கு டம்ப்பைத் தவிர வேறு என்ன வழி?

காட்பாடி_சீசன்_டிக்கெட் · மார்ச் 8

நண்பரே, உங்கள் கஷ்டம் புரிகிறது, நானும் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகும். ஆனால் இரண்டு விஷயம். திருட்டுக் கேள்வித்தாள் வைத்து எழுதியது தெரிந்தால் சான்றிதழையே ரத்து செய்ய ஆரக்கிளுக்கு உரிமை உண்டு. தேர்வுக்கு முன் நாம் ஒத்துக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. அடுத்தது, வேலையில் சேர்ந்த பிறகு. டம்ப்பில் தேறியவர்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நூல் பின்னிப்போன கோடை வாசிக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும். நீங்கள் இரவில் ஒரு மணி நேரம் விழிக்கிறீர்கள் என்றால் அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி போதும். ஒரே கேள்வி, மூன்று மாற்றம். ஆறு மாதம் ஆகட்டும், ஆகிவிட்டுப் போகிறது.

ஆம்பூர்_ஷிப்ட் · மார்ச் 9

ரத்து விஷயம் எனக்குத் தெரியாது. சரி அண்ணா, இன்று இரவில் இருந்து ஒரு கேள்வி.

சத்துவாச்சாரி_முதலாண்டு · மார்ச் 11

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் முதலாண்டு. ஜாவா இன்னும் தொடங்கவில்லை, பைத்தான்தான். பிசெப் (பைத்தான் தொடக்க நிலைச் சான்றிதழ்) தேர்வு எழுதலாமா?

ஓட்டேரி_வகுப்பறை · மார்ச் 11

எழுதலாம் தம்பி, முதலாண்டுக்கு அது பொருத்தமான படி. 30 கேள்வி, 40 நிமிடம், 70 சதவீதம் தேவை. சின்னத் தேர்வுதான், ஆனாலும் அங்கேயும் வாசிப்புதான் சோதனை. -7ஐ 2ஆல் // போட்டு வகுத்தால் -3 என்றுதான் கை எழுதும். விடை -4, ஏனென்றால் அது எப்போதும் கீழ்நோக்கிப் போகும். 2**3**2 என்பதை (** என்றால் அடுக்கு) வலப்பக்கத்தில் இருந்து கணக்கிட வேண்டும், 512. இதே காட்பாடி தம்பி சொன்ன முறையில் நோட்டில் எழுதிப் பழகு. ஜாவாவுக்கு வரும்போது -7ஐ 2ஆல் வகுத்தால் -3 வரும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தறிவீடு_குடியாத்தம் · மார்ச் 24

மூன்று வாரம் ஆகிறது. ஐந்து கேள்விக்கு இப்போது ஒன்றேகால் மணி நேரம். நோட்டு பாதி நிறைந்துவிட்டது. ஆங்கிலச் சொற்றொடர் பக்கத்தில் 34 சேர்ந்திருக்கிறது மேடம்.

நான் தொடர்ந்து தவறு செய்கிற இடம் ஒன்று. ஒரே பெயரில் மூன்று மெத்தட்: ஒன்று லாங் வாங்கும், ஒன்று இன்டிஜர் வாங்கும், ஒன்று இன்ட் மூன்று புள்ளி (எத்தனை இன்ட் வந்தாலும்) வாங்கும். இன்ட் அனுப்பினால் இன்டிஜருக்குத்தான் போகும் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். லாங்குக்குப் போகிறது.

காட்பாடி_சீசன்_டிக்கெட் · மார்ச் 24

இது எல்லோரும் வழுக்கும் இடம். கம்பைலரின் வரிசை இதுதான்: அச்சாக அதே வகை, அது இல்லாவிட்டால் அதே குடும்பத்தில் பெரியது, அதுவும் இல்லாவிட்டால் பெட்டியில் போடுவது (இன்ட்டை இன்டிஜர் ஆக்குவது), எதுவுமே இல்லாதபோதுதான் மூன்று புள்ளி. பெட்டியில் போடும் வசதி ஜாவா 5இல்தான் வந்தது. அதற்கு முன்பே எழுதிய கோடுகள் திடீரென வேறு மெத்தடைக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று பழைய வழிக்கு முதலிடம் வைத்தார்கள். மூத்த மருமகளுக்கு முதல் மரியாதை மாதிரி என்று வைத்துக்கொள், மறக்காது.

இதையே லிஸ்ட்டின் ரிமூவில் பார். இன்டிஜர் பட்டியலில் ரிமூவ் 1 என்றால் 1 என்ற மதிப்பு போகாது, 1ஆம் இடத்தில் இருப்பதுதான் போகும். காரணம் மேலே சொன்ன அதே வரிசை. நீயே பொருத்திப் பார்.

அப்புறம், வீட்டில் இருந்து கேமரா முன்னால் எழுதும்போது மேசையில் தாள் பேனா வைக்க விடமாட்டார்கள். ஆகவே கடைசி இரண்டு வாரம் நோட்டை மூடிவிட்டு, திரையை மட்டும் பார்த்து மனதிலேயே ஓட்டிப் பழகு. நோட்டில் போதுமான அளவு எழுதியிருந்தால் இது தானாக வரும். எழுதாமல் நேராக இதற்குத் தாவினால் வராது.

தறிவீடு_குடியாத்தம் · மார்ச் 26

கேமரா என்றதும்தான் நினைவு வந்தது. போன முறை வீட்டில்தான் எழுதினேன். பக்கத்துத் தறிச் சத்தம் ஓயாது, நடுவில் அத்தை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார். கண்காணிப்பாளர் இரண்டு முறை எச்சரித்தார். அந்தப் பதற்றத்திலேயே பத்து நிமிடம் போயிருக்கும். மின்சாரமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

ஓட்டேரி_வகுப்பறை · மார்ச் 26

என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. கதவு சாத்தினால் சத்தம் வராது, இன்வெர்ட்டர் உண்டு. அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். தேதியை மே மாதத்துக்குத் தள்ளாதே. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மாடி அறையில் யாராலும் யோசிக்க முடியாது. முதல் தேர்வில் இருந்து 14 நாள் இடைவெளி எப்போதோ தாண்டிவிட்டது, ஏப்ரல் நடுவில் ஒரு காலை நேரத்தைப் பதிவு செய்.

கடைசி வாரத்தில் இவற்றை மட்டும் திருப்பிப் பார். ரெக்கார்டுக்குள் (தரவை ஏந்துவதற்கென்றே உள்ள கிளாஸ்) இன்ஸ்டன்ஸ் ஃபீல்டு கூடாது, ரெக்கார்டு வேறு கிளாஸை நீட்டிக்க முடியாது, இன்டர்ஃபேஸை ஏற்கலாம். சீல்டு கிளாஸை (யார் நீட்டிக்கலாம் என்று வரையறுத்த கிளாஸ்) நேரடியாக நீட்டிக்கும் ஒவ்வொரு கிளாஸும் ஃபைனல், சீல்டு, நான்-சீல்டு மூன்றில் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும். ஸ்ட்ரீமில் கடைசிச் செயல் இல்லாவிட்டால் நடுவில் எத்தனை பீக் (எட்டிப் பார்க்கும் செயல்) போட்டாலும் ஒன்றும் அச்சாகாது. ஜேடிபிசியில் (டேட்டாபேஸோடு பேசும் ஜாவா வசதி) கேள்விக்குறிகளை 1இல் இருந்து எண்ண வேண்டும், அரே பழக்கத்தில் 0 போடாதே.

தறிவீடு_குடியாத்தம் · ஏப்ரல் 17

78 சதவீதம். 39 சரி.

மேடம் வீட்டு மாடியில் எழுதினேன். அப்பா கீழே திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். 50 கேள்வியையும் முடித்து ஏழு நிமிடம் மீதி இருந்தது. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அதைப் பற்றி எழுதவில்லை. ஒரு இடத்தில் பழைய பிடிஎஃப்பில் இருந்த கேள்வி போலவே ஒன்று வந்தது, விடை போடாமல் நின்று முதல் வரியில் இருந்து வாசித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

திண்ணையில் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, மேடம் கையைப் பிடித்துக் கும்பிட்டார். காட்பாடி அண்ணா, உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. நன்றி என்பது சின்னச் சொல்.

சிப்காட் அண்ணா, நெசவுக் கணக்கு செயலியைத் தொடங்கிவிட்டேன். முன்பணத்தைக் கூலியில் கழிக்கும் முறை வீட்டுக்கு வீடு வேறாக இருக்கிறது, அது பற்றித் தனியாகக் கேட்பேன்.

சிப்காட்_ராணிப்பேட்டை · ஏப்ரல் 17

மனமார்ந்த வாழ்த்து அம்மா. சான்றிதழ் வேண்டாம் என்று சொன்னது என் அனுபவத்தை மட்டும் வைத்து. உன் நிலையை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். செயலிக்கு டேட்டாபேஸ் வடிவமைப்பை நான் பார்த்துத் தருகிறேன்.

ஆம்பூர்_ஷிப்ட் · ஏப்ரல் 18

வாழ்த்துகள் சகோதரி. நான் 31ஆவது கேள்வியில் இருக்கிறேன். ஒரு இரவுகூட விடவில்லை. தனியாகப் படிக்கும்போது மாற்றிய கோடு ஏன் அப்படி ஓடுகிறது என்று கேட்க ஆள் இல்லை, அதுதான் கஷ்டம். வேலூரில் யாராவது சேர்ந்து படிக்கிறீர்களா? ஞாயிறு எனக்கு விடுமுறை.

தறிவீடு_குடியாத்தம் · ஏப்ரல் 18

அண்ணா, நானும் சத்துவாச்சாரி தம்பியும் இந்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோட்டைக்குள் சந்திக்கிறோம். நுழைந்ததும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு எதிரே மர நிழல் இருக்கும், அங்கே வந்துவிடுங்கள். லேப்டாப் வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். உங்கள் 31 கேள்வியில் புரியாத மூன்றை எழுதிக்கொண்டு வாருங்கள், என் நோட்டையும் கொண்டு வருகிறேன்.